நாலாம் நம்பர் கதவு

1991 நவம்பர் 18, திங்கட்கிழமை. பூந்தமல்லி, பென்ஷன் லைன். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். கட்டிய ஆண்டு 1868. குடியிருப்பவர் ஒருவர்.

இந்த விவரங்களைக் கலியமூர்த்தி காலையிலேயே எழுதி முடித்திருந்தார். மாலை ஆறு மணிக்கு நாலாம் நம்பர் வீட்டின் நடு அறையில், டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தபோது, மூன்றாம் நம்பர் பக்கத்துச் சுவரில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

மூன்றாம் நம்பரை அவர் மதியம்தான் அளந்திருந்தார். அங்கே உடைந்த அலமாரி ஒன்றும் வௌவால் எச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. கதவைச் சங்கிலியிட்டுப் பூட்டியவரும் அவரே. சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

வயது ஐம்பத்தி நாலு. பொதுப்பணித் துறையில் வரைவாளர் வேலை. இடிக்கலாமா வேண்டாமா என்று மேலிடம் யோசிக்கும் பழைய கட்டடங்களை அளந்து, படம் வரைந்து, புராதனச் சிறப்பு உண்டா இல்லையா என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பது வருடத்தில் பதினேழு அறிக்கைகள் எழுதிவிட்டார். பதினாறு கட்டடங்கள் இப்போது இல்லை. சிறப்பு உண்டு என்று அவர் எழுதியவையும் அந்தப் பதினாறில் அடக்கம். இனி எதைக் கண்டும் அவருக்கு வியப்பு வருவதில்லை. முழங்கால் வலிதான் வரும்.

ஆனாலும் இந்த லைன் நல்ல வேலைப்பாடு என்பதைக் காலையிலேயே உணர்ந்திருந்தார். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் நூற்றி இருபத்தி மூன்று வருடத்துக்குப் பிறகும் ஒரு விரிசல்கூட இல்லை. வாசல் வளைவுகளுக்கு மேல் விசிறி போல விரிந்த கண்ணாடி ஜன்னல்கள், எட்டு வீட்டுக்கும் ஒரே நீளத் தாழ்வாரம், யாருக்கும் குளிராத ஊரில் வீட்டுக்கு ஒரு கணப்படுப்பு. லண்டனில் எவனோ வரைந்த படத்தை இங்கே ஒரு கோடுகூட மாற்றாமல் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பொதுச் சுவர் ஒன்றுதான். பித்தளை எண் பதித்த வாசல் கதவுகள் மட்டும் விளங்கவில்லை. நிலையில் நிற்கும் முளைகளில் சும்மா செருகியிருந்தார்கள். மேலே நிமிர்த்தித் தூக்கினால் முழுசாகக் கழன்று வந்துவிடும். உட்புறம் நான்கு மூலையிலும் கனமான இரும்பு வளையங்கள். நாலாம் நம்பர் கதவை அளந்து, ஆறடி எட்டு அங்குலம், மூன்றடி என்று எழுதி, வளையங்களுக்கு எதிரே 'பயன் தெரியவில்லை' என்று குறித்திருந்தார்.

சுண்ணாம்புப் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்பதை விரல் கணுவால் தட்டித்தான் அறிய வேண்டும். ஒரு சுவரின் சத்தத்தில் சந்தேகம் வந்தால் எதிர்ச் சுவரிலும் அதே மாதிரி தட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். முப்பது வருடப் பழக்கம். எலியோ, ஈரத்தில் விடுபட்ட பூச்சோ என்று நினைத்தபடி, கை தன்பாட்டுக்கு நீண்டு, ஐந்தாம் நம்பர் பக்கத்துச் சுவரில் இரண்டு முறை தட்டியது.

சுவருக்கு அப்பால், இன்னும் தள்ளி, இரண்டு தட்டு. அதற்கும் அப்பால் இரண்டு. பிறகு காதில் விழுந்ததா நினைப்பா என்று சொல்ல முடியாத தூரத்தில் இரண்டு. வெளியே தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் இதுவரை இல்லாத ஒரு வாசனை. நனைந்த கம்பளி.

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். எட்டாம் நம்பர் வாசலில் அரிக்கேன் விளக்கோடு சகாயம்மாள் நின்றிருந்தாள். அறுபத்தி எட்டு வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. லைனில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். பகலில் இரண்டு முறை அவருக்கு டீ கொடுத்து, "இடிக்கத்தான் போறீங்க, அத்த இன்னாத்துக்கு இஞ்சு இஞ்சா அளந்துகினு?" என்று சிரித்தவள். இப்போது சிரிக்கவில்லை.

"நாலாம் ஊட்ல தட்டுனது நீயா சார்?"

"நான்தாம்மா. பூச்சு பார்த்தேன்."

"இந்தாண்ட கேட்டுட்டு அந்தாண்ட தட்னியா?"

"ஆமாம்மா. அதுக்கென்ன இப்ப?"

அவள் விளக்கைக் கீழே வைத்தாள். "அம்பது வருசமா இங்க கீறேன். மூணுலருந்து அஞ்சுக்கு சத்தம் தாண்டித்தான் போவும். நடுவுல ஒரு மூச்சு உடற நேரம் நிக்கும். இன்னிக்கி நிக்கல." அவர் முகத்தைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, ஒருவிதக் களைப்பு இருந்தது. "உள்ள வா நைனா. ஒரு வாய் டீ குடி. இனிமே நீயும் லைன் ஆளு, தெனம் தட்டணும்."

குழந்தை இயேசு படத்தின் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டார்.

"இது கட்னது வெள்ளக்கார பென்ஷன் சோல்ஜருங்களுக்கு. வாந்திபேதி வந்த வருசம் லைனையே பூட்டு போட்டுட்டானுங்க. யாரும் வெளிய வரக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணாம் ஊட்டுக்காரன் சொவுத்துல ரெண்டு தட்டு தட்டுவான். ரெண்டாம் ஊட்ல கேட்டுகினு அந்தாண்ட சொவுத்துல தட்டுவாங்க. அப்டியே எட்டு வரைக்கும். எங்க சத்தம் நின்னுச்சோ, அந்த ஊட்டுக்கு நாலு பேர அனுப்புவானுங்க. அந்த ஊட்டுக் கதவையே கழட்டி, வளையத்துல கயித்தக் கட்டி, அதுல வச்சித் தூக்கிகினு போயிடுவானுங்க."

"செத்தவங்களையா?"

"தட்டாதவங்கள."

மழை வலுத்தது. அவள் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாலாம் ஊட்ல மொத ஆளு கை தூக்க முடியாம கெடந்தானாம். கம்பளில வச்சி தச்சிட்டானுங்க. உள்ளருந்து உதைச்சிகினே போனான்னு எங்க மாமனாரு சொல்லுவாரு. அப்பறம் எங்க ஆளுங்க குடி வந்தும் அந்தத் தட்ற பழக்கத்த உடல. பக்கத்து ஊட்ல நல்லா கீறாங்களான்னு தெரிஞ்சிக்கத்தான். கறிக்கொழம்பு வாசனை வந்தா மூணா தட்டுவோம்" என்று லேசாகச் சிரித்தாள். "ஒவ்வொருத்தரா ஆவடி கோட்ரஸு, அம்பத்தூருன்னு போயிட்டாங்க. ஊடு காலியானாலும் தட்றது போகல."

"நீங்களும் போயிருக்கலாமே?"

"வேப்பம்பட்டுல பொண்ணு ஊடு கீது. புஷ்பா வா வான்றா. கடைசில கேட்டுகினு திருப்பித் தட்ட எட்டுல ஒரு ஆளு வேணாமா?" அவள் சுவரைப் பார்த்தாள். "எம்பதாம் வருசம் எங்க ஊட்டுக்காரருக்கு ஜொரம். நான் மருந்து வாங்கப் போயிட்டேன். பஸ்ஸ உட்டு எறங்கி வரப்ப ஆறே காலு. நெலையில கதவு இல்ல. தாழ்வாரத்துல கெடந்துச்சு, மேல எங்க ஜேம்சு. கம்பளில தலையோட சேத்து தச்சிருந்துச்சு. பல்லால பிச்சிப் பிரிச்சேன். உடம்பு கொதிக்குது நைனா. ஜொரம் அப்டியே கீது. மூச்சு மட்டும் இல்ல."

அன்று இரவு காட்டுப்பாக்கத்தில், இரண்டு காலி மனைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் தன் இரண்டு அறை வீட்டில், கலியமூர்த்தி மனைவி பார்வதத்திடம் எதுவும் சொல்லவில்லை. கிழவிக்குத் தனிமையில் ஏதோ ஆகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மறுநாள் படத்தை முடிக்க ஐந்தே முக்காலுக்கு மறுபடி நாலாம் நம்பரில் இருந்தார். அளக்க எதுவும் பாக்கி இல்லை.

ஆறு மணிக்குச் சுவர் தட்டியது. அவர் எதிர்ச் சுவரில் தட்டினார்.

அப்படியே புதன். அப்படியே வியாழன். நம்பவில்லை என்றுதான் ஒவ்வொரு நாளும் வந்தார். அலுவலகத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஐந்து ஐம்பதுக்குப் பூந்தமல்லியில் இறங்கலாம். இருட்டில் சங்கிலியைக் கழற்றி உள்ளே போய், ஈரச் சுண்ணாம்பு வாசனையில் நின்றுகொண்டு, முதலாம் நம்பரில் தொடங்கும் சத்தம் ஒவ்வொரு சுவராகத் தன்னை நோக்கி நகர்ந்து வருவதைக் கேட்க வேண்டும். தன் விரல் வழியாக அது அந்தப் பக்கம் போய்ச் சேர்வதை உணர வேண்டும். கடைசியில் சகாயம்மாள் திருப்பித் தட்டுவது கேட்கும். பிறகு எட்டாம் நம்பரில் டீ. இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் போல எதிரெதிரே உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்துகொள்வார்கள்.

"தினமும் பூந்தமல்லியில அப்படி என்னங்க வேலை?" என்றாள் பார்வதம். "ஞாயித்துக்கிழமைகூடவா? சின்ன வீடு பாத்துட்டீங்களா, இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு?"

டிசம்பர் மூன்றாம் தேதி போரூரில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றது. நனைந்தபடி நடந்து, பிறகு ஓடி, லைனுக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தில் ஆறு எட்டு. தாழ்வாரம் இருட்டு. எட்டாம் வாசலில் சகாயம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையை நீட்டிக் காட்டினாள்.

நாலாம் நம்பர் கதவு மேலே எழும்பியிருந்தது.

யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. கீழ் முளையை விட்டுக் கழன்று, மேல் முளையில் பாதி நின்றது. பூட்டிய சங்கிலி விறைத்திருந்தது. கதவு இன்னும் ஓர் அங்குலம் எழும்பியது. நிதானமாக. பாரம் தூக்கிப் பழகியவர்களின் நிதானம். கம்பளி வாசனை. மூச்சு வாங்கும் சத்தம், ஒருவருடையது அல்ல. அவர் சாவியைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்தது. பூட்டைத் திறந்து, எழும்பி நின்ற கதவைத் தோளால் இடித்துத் தள்ளி உள்ளே நுழைந்து, ஐந்தாம் நம்பர் சுவரில் வெறுங்கையால் குத்தினார். ஒன்று. இரண்டு.

கதவு முளையில் இறங்கி உட்கார்ந்தது.

விரல்களில் ரத்தம். சகாயம்மாள் துணி கிழித்துக் கட்டிவிட்டாள்.

"எத்தினி நாளைக்கும்மா இப்படி?" என்று கேட்டார்.

"நான் பதினோரு வருசமா தனியா கீறேன்" என்றாள். "எம்பொண்ணு கல்யாணத்துக்கு ராத்திரி விருந்துக்கு நான் போகல நைனா. தாலி கட்றத பாத்துட்டு ஓடியாந்துட்டேன்."

அந்த வாரமே உதவிப் பொறியாளர் குணசேகரன் அவரை அழைத்தார். அவருக்குக் கலியமூர்த்தியைவிடப் பதினைந்து வயது குறைவு.

"மூர்த்தி சார், அந்த லைன் ரிப்போர்ட் என்னாச்சு? மேல இருந்து தினம் போன். அங்க கிடங்கு கட்டணுமாம். சிறப்புன்னு ஏதாவது இருக்கா?"

கலியமூர்த்தி மேசை மேல் இருந்த தன் படங்களைப் பார்த்தார். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு வரிசை வேறெங்கும் இல்லை. பதினெட்டாவது அறிக்கையில் உண்மையை எழுதலாம். எழுதினால் இந்த ஒன்றாவது ஒருவேளை நிற்கும். நிற்கிற வரை அவரும் அங்கே நிற்க வேண்டும். திருச்சியில் மகள் வீட்டுப் பிரசவத்துக்குப் போக முடியாது. காய்ச்சல் வரக் கூடாது. பஸ் தாமதமாகக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகும், நடக்க முடியாமல் போன பிறகும் ஆறு மணி வரும். சுவரே இல்லையென்றால் எதில் தட்டுவார்கள்?

'மேற்படி கட்டடத்துக்குப் புராதனச் சிறப்பு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சகாயம்மாளிடம் சொன்னபோது அவள் இரண்டு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"உன்னிய குத்தம் சொல்லல. எனுக்கும் முடியல" என்றாள். பிறகு, "ஆனா நைனா, சொவுரு போனா தட்ட முடியாது. பாக்க வர்றதுக்கு சொவுரு எதுக்கு?"

"எல்லாம் அந்த லைனோட முடிஞ்சிடும்மா. நீங்க பொண்ணு வீட்டுக்குப் போங்க. நிம்மதியா இருங்க" என்றார். சொல்லும்போது நம்பவும் செய்தார்.

1992 ஜனவரி 20, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இடிப்பு தொடங்கியது. புல்டோசர் நாலு மணிக்குள் வேலையை முடித்துவிட்டது. கழற்றிய கதவுகளை எட்டையும் விற்பனைக்காக வேப்ப மரத்தில் சாய்த்து வைத்தார்கள். ஆறு மணிக்கு அவர் செங்கல் குவியலின் ஓரத்தில் நின்று காத்திருந்தார். சாலையில் பஸ் ஹாரன். எங்கோ ரேடியோ. வேறு சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஒன்பது மணி நேரம் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை சத்தம் இல்லை. புதன்கிழமையும் இல்லை. பார்வதத்தைப் போரூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ப் புடவை வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் குணசேகரன் அவர் மேசைக்கே வந்தார்.

"அந்த லைன்ல ஒரு அம்மா இருந்தாங்களே, தவறிட்டாங்களாம். புதன்கிழமை சாயங்காலம், வேப்பம்பட்டுல. பொண்ணு இங்க போன் பண்ணி ஒரே கத்தல். நம்ம ஆளுங்க யாராவது வந்தாங்களான்னு கேக்குறாங்க."

"நம்ம ஆளுங்களா?"

"வாசல்ல பழைய கதவு ஒண்ணு கிடந்துச்சாம். பித்தளையில எட்டுன்னு நம்பர். அந்தம்மா அது மேல கிடந்தாங்களாம்." குரலைத் தாழ்த்தினார். "கம்பளில வச்சு யாரோ தச்சிருக்காங்க சார். கான்டிராக்டரைக் கேட்டா, கதவுல ரெண்டு காணோம்ங்கிறான்."

எட்டிலிருந்து திரும்பினால் ஏழு. ஏழு காலி. ஆறு காலி. ஐந்து காலி. அடுத்தது நாலு.

அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எங்காவது ஊருக்குப் போய்விடலாம் என்று பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றார். திருச்சி பஸ்ஸின் படியில் கால் வைத்து, இறங்கினார். மகள் நிறைமாதம். அந்த வீட்டு வாசலுக்கு எதையும் கூட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை.

காட்டுப்பாக்கத்துக்கு வரும்போது ஐந்தரை. கதவைத் தாழிட்டார். பின்கதவைத் தாழிட்டார். ஜன்னல்கள். பார்வதம் சமையலறையில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் படுக்கையறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். தை மாதத்து வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மனையில் எப்போதும் கத்தும் தவளைகள் இன்று கத்தவில்லை. தெருநாய் ஒருமுறை குரைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

ஐந்து ஐம்பத்தி எட்டு.

பால் பொங்கும் வாசனை. அதற்கு அடியில் வேறொன்று. ஈரம். கம்பளி.

அவர் எழுந்து கிழக்குச் சுவரில் தட்டினார். இரண்டு. சிமெண்டுச் சுவர் மொத்தென்று அடங்கியது. அந்தப் பக்கம் காலி மனை. வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. மேற்குச் சுவரில் தட்டினார். இரண்டு. மறுபடி இரண்டு. ஆறிய விரல் கணுக்கள் பிளந்தன. இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

வாசலில் கனமான எதையோ இறக்கி வைக்கும் சத்தம். இரண்டு தட்டு.

"யாரு?" என்று பார்வதம் கேட்டபடி போவது காதில் விழுந்தது. ஜன்னல் கொக்கியை எடுக்கும் ஓசை. வெளியே ஏதோ பேச்சு, தாழ்ந்த குரலில், மரியாதையாக.

"ஏங்க, நாலு பேரு வந்திருக்காங்க" என்று அவள் கூப்பிட்டாள். "ஏதோ பழைய கதவு கொண்டாந்திருக்காங்க. நீங்க சொல்லி விட்டீங்களா? பேரு கேட்டா, நாலாம் நம்பர்ங்கிறாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வருவதற்குள் அவள் வாசல் விளக்கைப் போட்டு, தாழ்ப்பாளை எடுத்திருந்தாள். படியில் யாரும் இல்லை. குறுக்கே கதவு கிடந்தது. பித்தளையில் நாலு. நான்கு மூலை வளையத்திலும் புதுக் கயிறு. நடுவே ஒரு கம்பளி, இரண்டாக மடித்து, மேல்பக்கம் திறந்து வைத்திருந்தது. ஓரத்தில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது.

அளவு அவருக்குத் தெரியும். ஆறடி எட்டு அங்குலம், மூன்றடி.